கட்டிலுக்கடியில் ஒரு கை

லைட்டண்ணன் விளக்குப் பிடித்த படங்கள் முப்பது இருக்கும். ஒன்றிலாவது பேர் போட்டார்களா என்று கேட்டால் சிரிப்பார். சினிமா சோறு போடாததால் பிறகு வீடுகளுக்கு வயரிங் செய்யப் போய்விட்டார். அந்த முப்பதில் அவரிடம் பத்திரமாக இருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட். எண்பதுகளில் யாரோ ஒருவர் கைக்காசைச் சுரண்டி எடுத்த கொலைப் படம். சாக்குப்பையைத் தலையில் மாட்டிய ஒருத்தன் கோடாரியோடு பெண்கள் விடுதிக்குள் புகுந்து வரிசையாகப் போட்டுத்தள்ளுவான். எதற்கு என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். எடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கண்றாவியைக் கல்யாண நாள் தவறாமல் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் காரணம் இருந்தது. மூன்றாவது கொலையின்போது கட்டிலுக்கடியில் கிடந்தது அவர் மனைவி. அப்போது மேக்கப் உதவிக்கு வந்த பெண், அவ்வளவுதான். கோடாரி இறங்கியதும், சாயம் கலந்த சர்க்கரைப் பாகு இருந்த ரப்பர் குடுவையை அவள் அமுக்க வேண்டும். அமுக்கினாள். பாகு குழாயை அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட வரவில்லை. போதாக்குறைக்கு முழங்கையெல்லாம் எறும்பு. ஏணிமேல் நின்ற இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, கையிலிருந்த விளக்கு ஆடியது. அவள் கடுப்போடு ஒரு கையை வெளியே ஊன்றிக்கொண்டு மறுபடி அமுக்க, ரத்தம் கொஞ்சம் எட்டிப் பார்த்து நின்று, பிறகு குபுக்கென்று பீய்ச்சியடித்தது. ஃபிலிம் தீர்ந்துவிட்டதால் டைரக்டர் அதையே ஓகே சொல்லிவிட்டார். வெளியே வந்தவள் இவரிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான்.

"என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு? நீங்க வந்து படுத்துப் பாருங்க."

தியேட்டரில் படத்தின் மேலும் கீழும் கொஞ்சம் மறைத்துக் காட்டியதால் அந்தக் கை தெரியவில்லை. கேசட்டில் அப்படி மறைக்காமல் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வந்ததால் மூலையில் ஐந்து விரலும் அகப்பட்டுக்கொண்டன. அந்த இடத்தில் படத்தை அப்படியே நிறுத்துவார்கள். தலை காட்டாமல் நடித்த ஒரே கதாநாயகி நான்தான் என்று அவள் அலட்டிக்கொள்வாள். வருஷாவருஷம் நிறுத்தி நிறுத்தியே அந்த இடத்தில் நாடா தேய்ந்து, கடைசியில் வெறும் வெள்ளைக் கோடுகள்தான் ஓடின. ஆசை ஆசையாகப் பார்த்தே அழித்துவிட்டார்கள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு ஆளுக்குத் தேநீர் போட அவருக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. தினமும் அரைக் குவளை மிஞ்சிப்போகிறது. போட்டோக்களில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பாள். அது அவளே இல்லை என்பார். கோபத்தில் நீட்டிய அந்தக் கைதான் அவருக்கு அவள். அதை இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. மகள் எங்கெங்கோ தேடி, அந்தப் படத்தைப் புதுசாகத் துடைத்துப் போட்டிருந்த டிஸ்க்கையும் அதற்கான கருவியையும் வாங்கி அனுப்பினாள்.

கல்யாண நாள் மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியை நகர்த்தவில்லை. படம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது கொலை வந்தது. நிறுத்தினார். மூலையில் கை இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. எழுந்துபோய் அந்தக் கறுப்பை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். தியேட்டரில் பார்த்தபடியே என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். படித்திருந்தாலும் இந்த மரமண்டைக்கு உறைத்திருக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். அழுகை வந்தது. யாருமில்லாத வீட்டில் எதற்கு அடக்க வேண்டும் என்று அழுதார்.

அழுது முடித்துத் திரும்ப ஓடவிட்டார், நிறுத்தாமல். கோடாரி இறங்கியது. ரத்தம் இல்லை. சுவரில் வெளிச்சம் ஆடியது. ஐயோ, அது அவர் சிரிப்பு. அடுத்த நொடி ரத்தம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, நின்றது, பிறகு குபுக்கென்று வந்தது. இத்தனை வருஷமும் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் இதை அவர் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா கை தெரிஞ்சுதாப்பா?"

"கை தெரியலம்மா," என்றார். "ஆனா அடியில இருக்கா. நான் சிரிக்கிறேன், அவ அமுக்கறா."