சத்தியத்துக்கு ரெட்டைக் காசு

பிரமிளாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று பள்ளி மலர்க்காரர்கள் என்னைக் கேட்டார்கள். நல்லதாக என்றால் நான் கதைதான் கட்ட வேண்டும். வாயைத் திறந்தாலே வள்ளென்று விழுகிறவள் அவள். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலி அவளுடையது. என் கவுன், என் தேவாலயம், நான் போடும் தேநீர், எதையும் விட்டுவைக்கமாட்டாள். "பேரு லோரெய்ன், நாக்கு மட்டும் ரசத்துக்கு அலையுது" என்பாள். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுத்தேதான் எங்கள் காலம் போனது.

அவள் அப்பா எங்கள் பிஜித் தீவில், லௌடோகா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பக்கத்தில் நடபுவாவில் ஒரு மர வீடு கட்டினார். கூரைக்குத் தகரம் போட்ட கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். பிரமிளாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அம்மா படுக்கையில் விழுந்தாள். பெண் வரும்போது கிழவியும் கூட வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது, வேறு பேச்சும் எழவில்லை. அம்மாவின் மூத்திரத் துணியை விடியுமுன் அலசிப் போட்டுவிட்டுத்தான் பிரமிளா பள்ளிக்கு வருவாள். தம்பி ஷாலேந்திராவுக்குத் தலைநகர் சுவாவில் வங்கி வேலை. தீபாவளிக்கு வருவான், கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று "எப்படி இருக்கே அம்மா" என்பான், சாப்பிட்டுவிட்டுப் போவான். வீடு மட்டும் அவன் பேரில். ஆண் பிள்ளை பேரில் எழுதுவதுதான் முறை என்று அப்பா எழுதிவைத்துவிட்டாராம். என்ன எழவு முறையோ, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பத்தேழில், இந்தியர்கள் ஆதரித்த ஆட்சி பிடிக்காமல் பட்டாளத்துக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஒரு தடவை போதாதென்று அதே வருஷம் இன்னொரு தடவையும் ஆட்சியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் இந்திய ஆட்கள் ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர், எங்கே கதவு திறந்ததோ அங்கே. எங்கள் சம்பளத்தையும் வெட்டினார்கள். கணக்கு வாத்தியார் போனார், பூகோள டீச்சர் போனாள். அவர்கள் வகுப்பையெல்லாம் பிரமிளா ஒருத்தியே எடுத்தாள், பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே.

ஷாலேந்திராவுக்கும் ஆஸ்திரேலியா கிடைத்தது. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் அம்மா போயிருந்தாள். காரியத்தன்று அத்தனை பேர் முன்னால் அவன், "நீ இருக்கிற வரைக்கும் இந்த வீடு உனக்குத்தான் அக்கா" என்று சொல்லியிருந்தான். இப்போதோ யாரோ ஒருவன் வந்து வேலியை அளந்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி பிரமிளாவிடம் சொன்னாள். தம்பிக்குப் போன் போட்டால் "நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவான். ஐம்பதை நெருங்குகிறவள், கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான், அந்தக் கூரையை விட்டால் போக்கிடம் கிடையாது. விற்றானா இல்லையா என்று தெரியாமல் ஒரு மாதமாக அவள் தூங்கவில்லை. அந்தக் கடுப்பையெல்லாம் என் தேநீர் மேல் காட்டினாள்.

அப்போதுதான் பள்ளியில் அந்தப் போட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குக் கட்டில் வாங்க நிதி திரட்டுவது. எந்த வகுப்பு அதிகம் சேர்க்கிறதோ அதற்குக் கேடயம். எல்லாம் மாணவர்களே நடத்தினார்கள், நாங்கள் வேடிக்கை பார்க்கத்தான். ஆறாம் ஃபார்ம் தலைவி ரஞ்சீதா கெட்டிக்காரி. அவள் குனு செந்தே என்ற ஆட்டத்தைப் போட்டாள். எங்கள் ஊரில் கட்டடத்துக்கோ கோயிலுக்கோ பணம் சேர்க்க வேண்டுமென்றால் யங்கோனா என்கிற போதை வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்து இதை ஆடுவார்கள். காசு கட்டி "இந்தக் கிண்ணம் இன்னாருக்கு" என்று சொன்னால் அவர் குடிக்க வேண்டும்; மாட்டேன் என்றால் ரெட்டைக் காசு கட்ட வேண்டும். பள்ளி என்பதால் ரஞ்சீதா கொட்டாங்கச்சியில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றினாள். கூடவே ஒரு விதி சேர்த்தாள்: கிண்ணத்தோடு ஒரு கேள்வியும் கேட்கலாம். பதில் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும், வாயை மூடிக்கொள்வதென்றால் ரெட்டைக் காசு. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று கேட்டு, பையன்கள் சட்டைப் பை காலியாகிக்கொண்டிருந்தது.

பழைய மாணவன் என்று ஷாலேந்திராவும் வந்திருந்தான். பூப்போட்ட புதுச் சட்டை, எல்லோரிடமும் கைகுலுக்கல், அடுத்த வாரம் விமானம் என்று ஒரே பெருமை. அக்காவிடம் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டான். பிரமிளா எழுந்தாள். மேசையில் காசை வைத்தாள். கிண்ணம் தம்பிக்கு என்றாள். அப்புறம் தமிழில் கேட்டாள். வீட்டில் அவர்களும் எல்லோரையும் போல இந்திதான் பேசுவார்கள். சண்டைக்கு மட்டும் தமிழ். அந்தக் கூட்டத்தில் அது புரிந்தது எனக்கும் இரண்டு கிழவர்களுக்கும்தான்.

"வீட்ட வித்துட்டியா? அம்மா மேல சத்தியமா சொல்லு."

அவன் எப்பேர்ப்பட்ட புளுகனாக இருந்தாலும் அம்மா மேல் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே ரெட்டைக் காசு கட்டினான். அவள் அதற்கு மேல் வைத்தாள், அதையே கேட்டாள். அவன் மறுபடி ரெட்டித்தான். அக்கா தம்பி விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் கும்மாளம் போட்டார்கள். ஐந்தாம் ஃபார்ம் மேசையே காலியாகி எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். பிரமிளாவின் கைப்பையைப் பார்த்தேன். வெட்டுப்பட்ட சம்பளத்தில் மிச்சம் இருந்ததையெல்லாம் கவிழ்த்துவிட்டாள்.

கடைசித் தடவை ஷாலேந்திராவிடம் எங்கள் ஊர்க் காசு தீர்ந்துபோனது. சட்டைப் பையைத் தடவினான், பின்பக்கம் தடவினான். பிறகு ஒரு உறையிலிருந்து இரண்டு நோட்டை உருவி மேசையில் போட்டான். ஆஸ்திரேலிய டாலர்.

அந்த வருஷத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பணத்தை வெளியே கொண்டுபோக வங்கியில் ஆயிரம் கெடுபிடி. இருப்பதை விற்றவன்தான் கள்ளத்தனமாக வெளிநாட்டு நோட்டு மாற்றி வைத்திருப்பான். விற்க அவனுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. பிரமிளா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலியான கைப்பையை மூடினாள்.

ரஞ்சீதா துள்ளிக் குதித்தாள். கேடயம் ஆறாம் ஃபார்முக்குத்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாள். அதிகம் கொடுத்த பெருந்தன்மைக்காரருக்கு அக்கா கையாலேயே மாலை போடலாம் என்று ஒரு பூமாலையைக் கொண்டுவந்து பிரமிளாவிடம் நீட்டினாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். பிரமிளா வாங்கினாள், போட்டாள். காலர் மடங்கியிருந்ததை எடுத்துவிட்டாள்.

"சாவிய எப்ப குடுக்கணும்?"

இதுவும் தமிழில்தான். இந்தக் கேள்விக்கு யாரும் காசு கேட்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை, அக்கா" என்றான்.

அவள் ரஞ்சீதா பக்கம் திரும்பினாள். வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரலில், கூட்டம் முழுவதுக்கும் புரியும்படி இந்தியில் சொன்னாள்: அந்த நோட்டை நம்ம காசுக்கு மாற்றி ஒழுங்காகக் கணக்கு எழுது, ஒரு சென்ட் குறையக் கூடாது, அது என் வீடு விற்ற காசு.