கருவிழியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்

எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் கண் சோதனை உண்டு. தேறினால் வண்டி. இல்லையென்றால் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான். அதைக் கேவலம் என்று சொல்லமாட்டேன். பெல்லாரியில் அதைவிட மோசமான வேலையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, உட்காரப் பிடித்த ஒரே இடம் அந்த வண்டியின் சீட்டு.

இந்த வருஷம் பயம் இருந்தது. என் கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வந்திருந்தது. மூக்கண்டப்பள்ளியில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் தென்காசிக்காரர், அவரும் ஃபோர்க்லிஃப்ட் ஆள்தான், டீக்கடையில் அதை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கண்ணுல பூ விழுந்துட்டு. வண்டிய மறந்துருங்க."

சோதனைக்கு எங்கள் ஆட்கள் தயாராவதே தனி விதம். போர்டில் உள்ள எழுத்துகளை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பழைய ஆள் சொல்லிக்கொடுப்பான். போர்டு மாறியதே இல்லை. இந்த முறை சோதனை வேன் மாநில எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. போர்டு முழுக்கக் கன்னடம்.

முதலில் ஏறிய தென்காசிக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. பழைய தமிழ் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். சோதிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வேனுக்கு வெளியே வரிசையே சிரிப்பில் குலுங்கியது. பிறகு அவருக்கு வேறு அட்டையைக் காட்டி, கோடுகள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டச் சொன்னாள்.

என் முறை வந்தபோதும் அந்த அட்டையைத்தான் எடுத்தாள்.

"வேணாம்மா. போர்டையே படிக்கிறேன்."

"கன்னட ஓதோக்கே பருத்தா?" கன்னடம் படிக்க வருமா என்று கேட்டாள்.

"பருத்தம்மா."

பெங்களூரில் மூட்டை தூக்கிய காலத்தில் பஸ் பலகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து. நிதானமாகப் படித்தேன். கடைசி இரண்டு வரிகள் கலங்கின. தெரியவில்லை என்றேன்.

கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தாள். கன்னட வாடை வீசும் தமிழில் சொன்னாள்: "இந்த வளையம் பூ இல்ல அண்ணா. வயசானா நெறைய பேருக்கு வரும். பார்வைக்கு ஒண்ணும் பண்ணாது. உள்ள இருக்கிற லென்ஸ்தான் கொஞ்சம் மஞ்சளாயிருக்கு. கண்ணு பாப்பாவும் முன்ன மாதிரி விரியாது. அதான் உங்களுக்கு வெளிச்சம் ஜாஸ்தி வேணும்."

அப்புறம் கேட்டாள். "ராத்திரியில எதிர்ல லைட் வந்தா எப்படி இருக்கு?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் வண்டி போகிற வழியில்தான் பேக்கிங் பெண்கள் நடந்து போவார்கள்.

"செதறுது. லாரி லைட்ட சுத்திப் பஞ்சு ஒட்டின மாதிரி."

தலையாட்டி எழுதினாள். தூரத்துக்குக் கண்ணாடி, கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து. வண்டி ஓட்டலாம், பகல் ஷிஃப்ட் மட்டும். வருஷம் தவறாமல் லென்ஸைக் காட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் தென்காசிக்காரர் பிடித்துக்கொண்டார். "நைட் படிய நீங்களே தொலைச்சுட்டு வந்துட்டீயளே! யாரு கேட்டா?"

"அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு."

"நல்ல ஆளுய்யா!"

நைட் ஷிஃப்டுக்குத் தரும் படிப்பணம் போனது உண்மைதான். அந்த மாதத்திலிருந்து மீனைக் குறைத்துக்கொண்டேன். கண்ணாடி வந்த அன்று மத்தியானம் ஒரு லோடு இறக்கினேன். மேல் அடுக்கில் சரக்கு ஏற்றிய பேலட்டை வைக்கும்போது கீழே நின்று கை காட்ட ஒருவன் வந்தான். வேண்டாம், தள்ளி நில் என்றேன். பேலட் ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது.