வெள்ளையடிக்க விடாத தேவசகாயம்

என் பெயர் அ. ரங்கநாதன். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருந்த மின்மாற்றித் தொழிற்சாலையில், அது மூடப்படும் வரை, பண்டகசாலை அலுவலராக இருந்தேன். அங்கே கட்டடப் பராமரிப்புப் பொறியாளராகப் பணியாற்றிய திரு. தேவசகாயம் சென்ற ஆவணியில் காலமானார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நான் கண்டதைச் சொல்வதும், அவர் மீது இன்றும் சொல்லப்படும் ஒரு பழியை மறுப்பதும் என் நோக்கம். பழி நீங்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

செய்தி எனக்குப் படப்பைக் கடைத்தெருவில் கிடைத்தது. நம்முடைய சுருள் சுற்றும் காயில் பிரிவில் இருந்த முனுசாமி இப்போது அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என் வண்டியின் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "தெரியாதா சார்? நம்ம கறை சார் பூட்டாரு. காலைல." பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்ல மனுசந்தான். இன்னா, பூஜைன்னா மட்டும் ஆவாது அவருக்கு" என்றார். இதுதான் அந்தப் பழி. இறந்த மனிதரின் உடல் வீட்டில் கிடக்கும்போதே அது சொல்லப்பட்டது.

பண்டகசாலைக் கட்டடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டையான கான்கிரீட் கூரை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதற்கும் மேல் தட்டை ஓடுகள். மழைநீர் வடிய வடக்குக் கைப்பிடிச் சுவரின் அடியில் இரண்டே வாய்கள். அந்தக் கூரையின் கீழேதான் மின்மாற்றிச் சுருள்களைச் சுற்றும் காப்புக் காகிதம் அடுக்கப்பட்டிருந்தது. ஈரம் பட்ட காகிதம் காய்ந்த பிறகு பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். மின்மாற்றிக்குள் போன பின்னர்தான் தன் குறையைக் காட்டும். ஆகவே கூரை ஒழுகினால் தொழிற்சாலை நிலைக்காது என்பதை நானும் அவரும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அறிந்திருந்தோம்.

முதன்முதலாக அவரைச் சந்தித்தது ஒரு புகாரின் பேரில். காகித அடுக்கின் மேல் நீர் சொட்டுவதாக நான் விதிப்படி எழுதியனுப்பியிருந்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையில், கையில் குடையோடு வந்தார். கட்டடத்துக்குள்ளேயே குடையை விரித்து, சொட்டும் இடத்தின் கீழே நின்றார். சிப்பந்திகள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "சிரிங்க, சிரிங்க. இந்த ஒரு கால்சட்டைதான் கீது எங்கிட்ட, அத்த நனைச்சிக்கினு உங்களுக்கு வேல செய்யணுமா?" என்றார். பட்டம் பெற்றவர், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினால் மேலாளரே அகராதியைத் தேடுவார். ஆனால் பேச்சில் ஒரகடத்துக்காரராகவே இருந்தார். அது அவருடைய செருக்கு என்றுகூட நான் நினைத்ததுண்டு.

அன்று அவர் செய்த காரியம் எனக்குப் புதிதாக இருந்தது. நீண்ட மூங்கிலின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டியைக் கட்டி, உட்கூரையில் தெரிந்த ஈரக் கறையின் விளிம்பை அப்படியே வரைந்தார். கறை வளர்ந்தால் கோட்டைத் தாண்டும். எந்தத் திசையில் தாண்டுகிறதோ அந்தத் திசையிலிருந்து நீர் வருகிறது. "சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது ரூல்ஸ். தண்ணி எங்கியோ பூந்து, எங்கெங்கியோ சுத்தி இங்க வந்து எறங்குது. கறைதான் அதுக்கு வழி சொல்லும். கறைய அழிச்சா நாம குருடு" என்றார். விதிகளைச் சொல்பவன் என்பதால் எனக்கு 'ரூல்ஸ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். நீலக் கோடுகளால் அவருக்கு நீங்கள் 'கறை சார்' என்று பெயர் வைத்தீர்கள்.

ஆயுதபூஜை வந்தது. நம் தொழிற்சாலையில் அந்த நாளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கம்பெனிப் பேருந்துகள் குடும்பங்களை ஏற்றிவரும். இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், தரையெல்லாம் கோலம், அதற்கு முந்தைய வாரம் கட்டடம் முழுவதும் வெள்ளையடிப்பு. தேவசகாயம் பண்டகசாலையின் ஏணியருகே வந்து நின்று, நான்கு சுவரையும் அடியுங்கள், உட்கூரையை மட்டும் விட்டுவிடுங்கள், மழை வரப்போகிறது, கோடுகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பூஜைக் கமிட்டியில் இருந்த முனுசாமி முன்னால் வந்தார்.

"எங்கம்மா வருது, எம் பொண்டாட்டி வருது சார். எங்க வூடு கூரை ஒழுவுது. நானு ஒழுவாத எடத்துல வேல செய்றேன்னு அதுங்களுக்குச் சொல்லி வெச்சிகீறேன். அண்ணாந்து பாத்தா இன்னா நெனைக்கும்?"

தேவசகாயம் அண்ணாந்து தன் கோடுகளைப் பார்த்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல், வேதக்காரருக்குப் பூஜைன்னா கசக்கும்தானே என்றது. பலர் சிரித்தார்கள். அவர் திரும்பி யார் என்று பார்க்கவில்லை. ஏணியை விட்டு விலகி, குடையை மடித்துக்கொண்டு போய்விட்டார். மாலைக்குள் உட்கூரை பால்போல் வெளுத்தது. கோடுகள் போயின. ஐப்பசி மழை தொடங்கியபோது, நீர் எங்கே நுழைகிறது என்பதை முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இதுவே நடந்தது. கோடு வரைவார், வெள்ளையடிப்பார்கள், மழை வரும்.

ஏணியருகே மறுபடி அவர் நிற்கவில்லை. நீங்கள் அறியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பூஜைக்குக் கைப்பிடிச் சுவரின் நான்கு மூலைகளிலும் வாழை கட்டுவீர்கள். மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கும் வெப்பக் காற்றை வெளியேற்றும் காற்றாடிகளுக்கும் மாலை சாத்துவீர்கள். பூஜையில் வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது என்பதால், யாராவது நீரில் விடட்டும் என்று எல்லாவற்றையும் மாடியிலேயே விட்டுவிடுவது வழக்கமாயிற்று. அந்த யாராவது வருவதில்லை. முதல் மழையில் வாழை இலையும் சாமந்தியும் மிதந்து சென்று இரண்டு வாய்களையும் அடைக்கும். கூரை குளமாகும். எவ்வளவு நல்ல தளமானாலும் தேங்கிய நீரைத் தாங்காது.

ஓர் ஆண்டு பூஜைக்கு மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று நின்றபடியே பேசினார்.

"ரூல்ஸ், மேல வந்து அந்தப் பூவையெல்லாம் நீங்க எடுக்கணும். நானு தொட்டா வேற பேச்சாப் பூடும்."

பண்டகசாலை அலுவலர் கூரைக்கு ஏற எந்த விதியும் இடமளிக்கவில்லை என்றேன். "தடுக்குற விதி எதுனா கீதா?" என்று கேட்டார். இல்லை. ஆகவே ஏறினேன். நான் குனிந்து மாலைகளையும் இலைகளையும் பொறுக்க, அவர் படிக்கட்டின் உச்சியில் நின்று, விட்டுப்போனவற்றைக் குடையின் நுனியால் சுட்டிக்காட்டினார். ஒரு பூவைக்கூட அவர் காலால் தள்ளவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டியதும், வேலியோரம் கொட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "அது அவங்க சாமிக்குப் போட்டது. ஏரில வுடுங்க" என்றார். ஏரி வரை என்னோடு நடந்தார். நான் நீரில் விடும் வரை கரையில் நின்றார். தொழிற்சாலை மூடப்படும் வரை ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் செய்தோம்.

ஆனால் கூரையை இதெல்லாம் காப்பாற்றவில்லை. ஒழுகும்போதெல்லாம் நிர்வாகம் பழைய தளத்தின் மேல் புதிதாக ஒரு பூச்சு போட்டது. தளம் உயர உயர, கூரையின் வாட்டம் கெட்டது. நீர் வாய்களை நோக்கி ஓடுவதை விட்டுக் கைப்பிடிச் சுவரின் அடியில் தேங்கிச் சுவருக்குள் இறங்கியது. மேலே உள்ள அனைத்தையும் கான்கிரீட் வரை பெயர்த்தெடுத்து, வாட்டம் கொடுத்து, கூடுதல் வாய்கள் வைத்துப் புதிதாகத் தளம் போட வேண்டும் என்பது தேவசகாயத்தின் ஒரே கோரிக்கை. அதற்கு ஒரு கோடை முழுவதும் பண்டகசாலையைக் காலி செய்ய வேண்டும். சரக்கைக் கொட்டகைகளுக்கு மாற்ற நான் ஒப்புக்கொண்டேன். மேலாளரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். கோடைதான் உற்பத்தி மிகுந்த காலம், மழைக்குப் பின் பார்க்கலாம் என்றார் அவர். மழைக்குப் பின் போனபோது, இப்போதுதான் ஒழுகவில்லையே என்றார். வெளியே வந்ததும் தேவசகாயம் சொன்னது இது: "ஜுரக்காரனுக்குப் போர்வை மேல போர்வையாப் போத்தினு கீறாங்க. ஒடம்பு இன்னா ஆச்சின்னு எவனும் தூக்கிப் பாக்க மாட்டேங்கிறான்."

கடைசி மழையை நான் விரித்துரைக்கப் போவதில்லை. நீங்களும் அங்கே இருந்தீர்கள். அந்த ஆண்டும் பூக்களை எடுத்திருந்தோம்; வாய்கள் திறந்தே இருந்தன. நீர் அவற்றை நாடவில்லை. வடக்குச் சுவர் முழுவதும் உட்புறமாக ஈர ஓதம் இறங்கித் தரையில் தேங்க, காகித அடுக்குகள் அடியிலிருந்து நனைந்தன. நனைந்தவற்றைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று நான் எழுதினேன்; உலர்த்திப் பயன்படுத்தும்படி உத்தரவு வந்தது. அனுப்பிய மின்மாற்றிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பின்னர் ஆர்டர்கள் வரவில்லை. பிறகு ஒரு நாள் வாயிற்கதவில் பூட்டு. கூரையைப் பராமரிக்கத் தவறியதாக விளக்கம் கேட்கப்பட்ட ஒரே மனிதர் தேவசகாயம். அவர் விளக்கம் தரவில்லை. கேட்டவர்களைப் பண்டகசாலைக்கு அழைத்துப் போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பூஜைக்கு அடித்த வெள்ளை, சுவரோரம் தவிர, மாசு மருவில்லாமல் இருந்தது.

சென்ற ஆடியில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தது. தலையணைகளில் சாய்ந்து, சொற்களுக்கு நடுவே மூச்சைத் தேடித் தேடிப் பேசினார்.

"டாக்டர் ஊசி போட்டுத் தண்ணிய எடுக்குறாரு ரூல்ஸ். எடுக்க எடுக்க வருது. எங்கேர்ந்து பூறுதுன்னு... அவரு பாக்க மாட்டேங்கிறாரு."

சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. தொழிற்சாலைக் கட்டடம் என்னாயிற்று என்று கேட்டார். யாரோ அட்டைப்பெட்டிக் கிடங்காக எடுத்திருப்பதாகச் சொன்னேன். "அட்டையா?" என்று மட்டும் கேட்டுக் கண்களை மூடிக்கொண்டார். அதுவே அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொல்.

அடக்க ஆராதனையின்போது மழை பிடித்தது. சிறிய கோயில், ஓட்டுக்கூரை. பெட்டியின் மூடியில் ஒரு துளி விழுந்தது, பின்பு இன்னொன்று. போதகர் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆனால் நம்மில் வந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். முனுசாமியும் பார்த்தார். பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். அங்கேயும் சொட்டியது.

திரும்பும் வழியில் முனுசாமியிடம் மாடிப் பூக்களைப் பற்றிச் சொன்னேன். பழி அன்றே தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"மாலையெல்லாம் எடுத்தது நீங்களா? அவரு சொல்லியா?"

ஏரியில் விட்டோம், அவரே கரை வரை வந்தார் என்றேன்.

"வந்தாரா? யாரு பாத்தா?"

"நான் பார்த்தேன்."

"நீங்க அவரு சிநேகிதம் சார். நீங்க அப்டித்தான் சொல்லுவீங்க." சிறிது தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபின், கோபமில்லாமலே, "அப்ப நாங்க சொன்னது சரிதான் போல" என்றார்.

பூஜை மாலைகளை எடுக்கச் சொன்னவர் அவர் என்பது மட்டுமே முனுசாமியின் காதில் விழுந்தது; மறுப்பே பழிக்குச் சான்றாகிவிட்டது. எனவே உங்களில் எத்தனை பேர் என்னை நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தேவசகாயத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். சென்ற வாரம் அந்தக் கிடங்குக்குப் போனபோதும் அப்படியே பார்த்தேன். உட்கூரை புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. பூஜைக்கு வாழை சொல்லியாயிற்று என்று காவலாளி மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை அந்த மாடிக்கு ஏறுவேன். காவலாளி அனுமதித்திருக்கிறார். பூக்களையும் இலைகளையும் பொறுக்கிச் சாக்கில் கட்டி ஏரியில் விடுவேன். அதனால் கூரை பிழைக்காது. நீர் இப்போது நுழைவது வேறு வழியில். ஆயினும் செய்வேன். விட்டுப்போனவற்றைச் சுட்டிக்காட்டப் படிக்கட்டின் உச்சியில் இந்த முறை யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், ஒன்றுக்கு இருமுறை பார்ப்பேன்.