பெயர் எழுதாத டிஸ்க்

பதுளை பஸ் நிலையத்தில் தேநீரைக் கையில் வாங்கிய நேரம் போன் வந்தது. "மாமா, தர்மு போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூட விடல" என்று அழுதார் அவருடைய மனைவி சாந்தி. அந்தத் தேநீரைக் குடித்தேனா கொட்டினேனா, எனக்கே தெரியாது.

தர்மலிங்கம் அவர்கள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நேரில் தம்பி என்று கூப்பிட்டவன்தான் நான். ஆனாலும் இது அச்சில் ஏறுகிற அஞ்சலி, மரியாதை குறையக் கூடாது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். எங்கள் இசைக்குழுவில் எலக்ட்ரிக் டிரம்ஸ் வாசித்தவர். குழுவின் பாடகனும் தலைவனும் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டாலும், ஊவா மாகாணத்தில் என் குரல் கேட்காமல் தாலி ஏறிய கழுத்து கிடையாது. சரி, பாதிக் கழுத்து.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பிலிருந்து பழைய டிரம் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். ரப்பர் தட்டில் குச்சியால் அடித்தால் பெட்டிக்குள் இருக்கிற சத்தம் ஸ்பீக்கரில் வரும். நமக்கு வேண்டிய சத்தத்தையும் மைக் வைத்துப் பிடித்து உள்ளே ஏற்றி, ஃபிளாப்பி டிஸ்கில் சேமித்து வைக்கலாம். பதுளைக்கு வந்த முதல் பெட்டி அதுதான் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அந்த வருடம் அப்புத்தளையில் ஒரு கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். தர்முவின் தகப்பனார் மாரிமுத்து ஐயா, பூனாகலையில் தப்பு என்கிற பறை அடிப்பதில் முதல் ஆள். ஒரு பாட்டுக்கு அவரும் அடிக்கட்டும் என்று கூட்டிப் போனோம். மண்டப வாசலிலேயே கடைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"ஏய்யா, இது கல்யாண வீடா, எழவு வீடா? அத வெளிய வைங்க."

தப்பும் வெளியே நின்றது, மாரிமுத்து ஐயாவும் வெளியே நின்றார். திரும்பும் வேனில் தர்மு அவர்கள் ஒன்றுதான் சொன்னார்: "அப்பாவத்தானே மறிச்சாங்க. அவரு அடிய உள்ள கொண்டு போறேன், பாருங்க மாமா."

சொல்வது சுலபம். முதல் தடவை, தப்பை அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து நான் மைக்கைச் சரி செய்வதற்குள் பூனாகலைப் பனி தோலில் இறங்கிவிட்டது. நனைந்த சாக்கை அடித்த மாதிரி ஒரு சத்தம். "சூட்டோட அடிக்கணும்யா. உங்க மிசினு என்ன, குளிக்கப் போயிருந்துச்சா?" என்றார் பெரியவர்.

அடுத்த தடவை அடுப்பங்கரையிலேயே பதிந்தோம். சத்தம் நெருப்பு மாதிரி வந்தது, பெட்டியில்தான் இடமில்லை. மொத்தமே சில விநாடிகள்தான் அதற்கு ஞாபகம் நிற்கும். தரத்தைக் குறைத்து ஏற்றினால் பிஸ்கட் டின் சத்தம். குறைக்காமல் ஏற்றினால் வால் அறுந்துவிடும். "அடி இருக்கு மாமா. அடிச்சப் பொறகு தோலு பேசும் பாருங்க, அது இல்ல" என்பார். போதாக்குறைக்கு, கரண்ட் போனால் ஏற்றியது அத்தனையும் அழிந்துவிடும். மறுபடி டிஸ்கைப் போட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் கரண்ட் எப்போது போகாது? "இந்தச் சனியன கொழுந்தோட போட்டு அரைக்கணும்" என்று பல்லைக் கடிப்பார். மறுநாளும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

எட்டு மாதம் இப்படிப் போனது. கடைசியில் மற்ற சத்தங்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். தகப்பனாரின் இரண்டே அடி, முழுத் தரத்தில், வால் அறாமல், ஒரு டிஸ்கில். மாரிமுத்து ஐயா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். "எங் கையிதான்" என்றார்.

அதே கடைக்காரரின் இளைய மகள் கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிட்டார்கள். தர்மு அவர்கள் தகப்பனாரையும் அழைத்து வந்து, முன்பு நின்ற அதே வாசலில் நிறுத்தினார்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று காலை புதுப் பாட்டுக்குக் கைதட்டல் சத்தம் ஏற்றி வைக்க எனக்கு ஒரு டிஸ்க் தேவைப்பட்டது. தர்மு அவர்களின் பையில் பெயர் எழுதாத டிஸ்க் ஒன்று கிடந்தது. வெறும் டிஸ்க் என்று நினைத்து, அதை அழித்துவிட்டு என் சத்தத்தை ஏற்றினேன். எனக்குத் தெரியாத பொத்தான் அந்தப் பெட்டியில் இல்லை என்று ஊரெல்லாம் பேசியவன் நான்.

பகல் பன்னிரண்டு மணி. தர்மு அவர்கள் டிஸ்கைப் போட்டு, காத்திருந்து, குச்சியை ஓங்கி அடித்தார். கைதட்டல் வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி கைதட்டல். என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

வாசலில் பெரியவர் கேட்டார்: "எங்கடா என் அடி?"

"டிஸ்க் பழுதாயிருச்சுப்பா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

பிறகு தர்மு அவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னார்: "பேரு எழுதியிருக்கணும் மாமா. தப்புன்னு எழுதினா மேடையில எவனாவது படிச்சிட்டு மறிப்பான்னு பயந்துட்டேன். என் குத்தந்தான்."

நேராகப் பெட்டியில் பதிந்தது. வேறு பிரதி இல்லை. அந்த மழைக்காலத்திலேயே பக்கவாதம் வந்து பெரியவரின் வலது கை விழுந்தது. அடுத்த மழைக்கு அவரே இல்லை. பிறகு நல்ல பெட்டிகள் வந்தன. தப்புச் சத்தம் உள்ளேயே இருந்தது. தர்மு அவர்கள் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. யாரு கையின்னு தெரியலயே" என்று மூடி வைத்தார். டிஸ்க் பழுது என்று நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை.

போன வாரம் இறுதிச் சடங்கன்று லயத்து வாசலில் தணல் போட்டு, தப்புகளைக் காய்ச்சி, அவருக்காக அடித்தார்கள். அங்கே அவர்களை யாரும் மறிக்கவில்லை. சாந்தி அவருடைய பையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். அடியில் அந்த டிஸ்க். இத்தனை வருடமும் பெயர் எழுதாமலே வைத்திருந்திருக்கிறார்.

பேனா வாங்கி, என் கோழிக் கிறுக்கலில் பெரிதாக எழுதினேன்: மாரிமுத்து, தப்பு. சவப்பெட்டியில் தர்மு அவர்களின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எவன் வேண்டுமானாலும் படிக்கட்டும். போய் வாருங்கள், தம்பி.