முத்துப்பிள்ளைக்குப் பின்

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. வயிறோ ஆறு மாதம் போல முன்னால் தள்ளியிருந்தது. விழுப்புரத்தில் அதுதான் என் குற்றம்.

முதலில் மாமியாருக்கு அந்த வயிற்றைப் பார்க்கப் பெருமைதான். ரெட்டைப் பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி வந்தது. கால் வீங்கியது. பிறகு புடவையில் பழுப்பாகக் கறை பட ஆரம்பித்தது. அப்போதுதான் அவள் மாதத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

"கட்டிக்கினு வந்து நாலு மாசம் ஆவுல. வயிறு ஆறு மாசமாட்டம் கீது. யாருதுடி இது?"

என் புருஷன் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவன். பக்கத்தில்தான் உட்கார்ந்து கேப்பைக் களி தின்றுகொண்டிருந்தான். வட்டிலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாமியார் சொன்னதைக்கூட ஆத்திரத்தில் சொன்னாள் என்று விடலாம். அந்தக் குனிந்த தலையை நான் விடவில்லை.

மறுநாளே என்னைத் திண்டிவனத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். அங்கே என் அம்மா கூலி வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள்.

"கையும் தட்டுப்படல, காலும் தட்டுப்படல. சத்தமும் இல்ல," என்றாள்.

அன்று பிற்பகலே உதிரம் கொட்டியது. அதோடு கண்ணாடி போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"இது முத்துப்பிள்ளை. உள்ள குழந்தையே இல்லம்மா. குழந்தைக்குச் சத்துக் கொடுக்க வேண்டிய நஞ்சுக்கொடி இப்படி நீர் கோத்து வளர்ந்திருக்கு. இதை எடுக்காம விட்டா நீ பிழைக்க மாட்டே."

மூக்கில் மருந்து வைத்து மயக்கி, கருப்பையைச் சுத்தம் செய்து, உதிரம் நிற்க ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது, எடுத்ததைப் போட்டு வைத்திருந்த பேசினைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மீன் சினை போல, திராட்சைப் பிஞ்சுக் குலை போல, நிறைய இருந்தது.

"அப்போ நான் வயித்துல வாங்கிக்கினு வந்தவ இல்லன்னு ஆவுதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்ல. முத்துப்பிள்ளைன்னா வயிறு மாசத்தை மீறித்தான் வளரும்."

"அதை என் வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா."

ஆள் அனுப்பி வரவழைத்தோம். டாக்டரம்மா அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். பேசினையும் காட்டினாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவன் விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் கதை வேறாகிவிட்டது. நான் பேய்க்கு மீன் சினை பெற்றவள். பஞ்சாயத்தில் அதையே சொல்லித் தாலியை வாங்கிக்கொண்டு கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

டாக்டரம்மா மாதாமாதம் வரச் சொல்லியிருந்தாள். மிச்சம் ஏதாவது உள்ளே தங்கினால் கெட்ட வியாதியாக மாறுமாம். மறுபடி உதிரம் பட்டாலோ, இருமி ரத்தம் வந்தாலோ உடனே ஓடிவர வேண்டுமாம். ஒரு மாதமும் தவறாமல் போனேன். எனக்கு உயிரோடு இருக்க வேண்டிய வேலை இருந்தது.

ஒலக்கூரில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிப் போனேன். அந்தப் பெண்ணின் தாய் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாரே, அவுரு மொத பொண்டாட்டி நான்," என்றேன்.

"பேய்க்குப் பெத்தவன்னு சொன்னாங்களே, அது நீதானா?"

"நான்தாங்க. என் வயிறு பேயைப் பெத்துச்சின்னா வெதைச்சவன் யாருன்னு கேளுங்க. ரத்தம் போய்க்கினு இருக்கறப்போ ஒண்டியா ரயில் ஏத்தி உட்டாங்க. உங்க பொண்ணுக்கு நோவுன்னாலும் அதேதான்."

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அடுத்து அனந்தபுரத்தில் பார்த்தார்கள். அங்கேயும் போனேன். அதன் பிறகு எந்த ஊரில் பேச்செடுத்தாலும் யாராவது என்னிடம் வந்து சொன்னார்கள். போகிற வழியெல்லாம் எனக்குப் பாட்டு வரும். ஒரு வீட்டிலும் நான் பொய் சொல்லவில்லை, தேவைப்படவில்லை.

டாக்டரம்மா இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, ரயில் பாதையில் வேலை செய்கிற ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். வயிற்றில் தங்கியதும் எனக்கு நடுக்கம்தான். ஐந்தாம் மாதம் உள்ளே துள்ளியது. டாக்டரம்மா மரக்குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்கண்டுப் பொட்டலத்தோடு விழுப்புரம் போனேன். பழைய மாமியார் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவன் ஒண்டியாக அடுப்பு ஊதிக்கொண்டிருந்தான்.

"என்னா புள்ள?" என்றாள், பிள்ளைமேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

"பொண்ணு."

முறத்தை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அந்தக் கையில் கல்கண்டை வைத்தேன். பிள்ளையைக் கொடுக்கவில்லை.