நின்ன ட்யூபுக்கும் ஸ்தோத்திரம், எடுத்த ட்யூபுக்கும் ஸ்தோத்திரம்

எம் பொண்ணு ரூபிக்கு ஆஸ்பத்திரியில மறுபடியும் குளிர் வந்தப்போ நான் யாரையும் நம்பல. டாக்டரை நம்பல, சிஸ்டரை நம்பல, பக்கத்து பெட்டுக்காரியை நம்பல. சபைக்கு முன்னால மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, கர்த்தரையும் கொஞ்சம் சந்தேகமாத்தான் பாத்தேன்.

எழுந்து பேசச் சொன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதான் இந்தச் சாட்சியை எழுதிக் கொண்டாந்தேன். எனக்குப் பெரிய படிப்பு இல்ல, அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. புரியாத ஒண்ணை யாராவது செஞ்சா அதுல ஏதோ இருக்குன்னு மனசு அடிச்சுக்கும். இந்த 1991-ம் வருஷம் நம்ம பக்கம் எல்லாருமே அப்படித்தான் ஆயிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்துல அந்தக் குண்டு வெடிச்சதுலேர்ந்து ரோட்டுல பஸ்ஸை நிறுத்திப் பையைக் கிளறிப் பாக்கறாங்க. புது ஆள் வந்தா டீக்கடையிலயே விசாரிக்கிறாங்க.

மழைக்காலம் தொடங்குற சமயம். நாலு வயசு ரூபிக்கு வயித்தால போச்சு, கூடவே வாந்தி. கண்ணு உள்ள போயிடுச்சு. அழுதா கண்ணீர் வரல. எங்க வூட்டுக்காரர் கம்பெனியில ஷிஃப்டைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தாரு. பென்னலூர்ல பஸ் பிடிச்சு, பட்டணத்துல புள்ளைங்களைப் பாக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். செம்பரம்பாக்கம் தாண்டுறப்போ மடியில தொவண்டு கெடந்தா.

ட்ரிப்ஸ் ஏத்த நரம்பே கெடைக்கல. கை, கால், தலைன்னு குத்திப் பாத்தாங்க. ஒவ்வொரு குத்துக்கும் புள்ள என் மூஞ்சியையே பாத்துச்சு. நான் வராண்டாவுல மண்டி போட்டேன். இனிமே ஒரு குத்துகூட வேணாம் ஆண்டவரே, ஒரு வழி குடுங்கன்னு அழுதேன். கடைசியில டாக்டர் கணுக்கால்ல லேசாக் கீறி, நரம்புக்குள்ள மெல்லிசா ஒரு ட்யூபை விட்டுத் தைச்சாரு. நின்னுச்சு. நழுவல, தண்ணி எறங்குச்சு. சாயங்காலம் புள்ள ஒண்ணுக்குப் போனப்போ ரெண்டு பேரும் அழுதோம்.

அந்த ட்யூப்தான் எங்க ஜெபத்துக்குக் கெடைச்ச பதில். நம்ம மேரி அக்கா வந்து அந்தக் காலைத் தொட்டே ஸ்தோத்திரம் பண்ணாங்க. வார்டுல மத்த அம்மாங்க, "உன் புள்ளைக்கு நல்லா நிக்குதே"ன்னு ஏக்கமாப் பாப்பாங்க. மாத்தலாமான்னு யாராவது கிட்ட வந்தா நான் கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னுடுவேன். அங்க எல்லா அம்மாவும் அப்படித்தான். நின்ன ட்யூபை யார் மாத்த வுடுவாங்க?

வயித்தால போறது நின்னுச்சு. ஆனா எதைக் குடிச்சாலும் கக்கினா. அதனால ட்ரிப்ஸ் ஓடிக்கினே இருந்துச்சு, மருந்தும் அது வழியாத்தான். அப்பதான் இந்தக் குளிர்காய்ச்சல் வந்து வந்து போச்சு. ஒதடு நீலமாயி, பல்லு கிட்டிக்கினு, கட்டிலே ஆடற மாதிரி நடுக்கம். மலேரியாவான்னு பாத்தாங்க, இல்ல. டைபாய்டும் இல்ல. டாக்டர் எங்க வூட்டுக்காரரைத் தனியாக் கூப்ட்டாரு. ரத்தத்துல கிருமி கலந்துகினு இருக்குன்னு நெனைக்கிறோம், எங்கேர்ந்துன்னு தெரியல, புள்ள தாங்குமான்னு சொல்ல முடியலன்னாரு.

அவர் அதை வந்து சொன்னதும் யாரோ கலக்குறாங்கன்னுதான் என் புத்தி போச்சு. பக்கத்து பெட்டு அம்மா குடுத்த பன்னைக் கூடையில போட்டேன். நாத்தனார் கொண்டாந்த கஞ்சியை நானே மொதல்ல குடிச்சுப் பாத்தேன். எங்க வூட்டுக்காரர், "என்னையும் பையைச் சோதனை போட்டு உள்ள வுடு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

பகல்ல மருந்து வுடுற நர்ஸ் கனகா சிஸ்டர் மேலதான் ரொம்ப சந்தேகம். கறாரான ஆளு. அவங்க மருந்து வுட்டுட்டுப் போன கொஞ்ச நேரத்துல நடுக்கம் வரும். நான் கவனிச்சுக்கினே இருந்தேன், யார் கிட்டயும் சொல்லல. இது யார் வேலைன்னு காட்டுங்க ஆண்டவரேன்னு ஒரு நாள் காலையில கண்ணை மூடி அதையே கேட்டுக்கினு இருந்தேன். கண்ணைத் தொறந்தா சிஸ்டர் நிக்கிறாங்க. நான் ரூபி காலை என் கையால மூடிட்டேன்.

"இன்னாம்மா, எந்நேரமும் என் கையையே பாக்கற? நான் இன்னா திருடிக்கினா போறேன்?"

"நீங்க மருந்து வுட்டாதான் எம்புள்ள நடுங்குது. மத்த நேரம் சும்மாதான் கீது."

வாய்லேர்ந்து வந்துடுச்சு. வார்டே திரும்பிப் பாத்துச்சு. வெளிய தள்ளிடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க ஊசியைத் தட்டுல வச்சுட்டாங்க.

"நான் வுட்டா மட்டுமா, யாரு வுட்டாலுமா?"

யோசிச்சுப் பாத்தேன். ராத்திரி சிஸ்டர் வுட்டப்பவும் வந்துச்சு. பாட்டில் மாத்தினப்பவும் வந்துச்சு. யாரு வுட்டாலும் வந்துச்சு. சொன்னேன். அவங்க நேரா டாக்டரைக் கூப்ட்டுக்கினு வந்தாங்க. கட்டைப் பிரிச்சா தையல் கிட்ட லேசாச் செவப்பு, அவ்வளவுதான். ட்யூபுக்குள்ளயே கிருமி தங்கியிருக்கும், மருந்து போறப்போ எல்லாம் ரத்தத்துக்குள்ள தள்ளுது, இதை எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொன்னாரு.

நான் வுடல. காலைப் பிடிச்சுக்கினேன். அது கர்த்தர் குடுத்த வழி சார்னு கத்தினேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், அதை மட்டும் சந்தேகப்பட எனக்குத் தோணவே இல்ல.

கனகா சிஸ்டர் நெத்தி நெறைய குங்குமம் வச்சிருப்பாங்க. மெதுவாச் சொன்னாங்க. "உன் சாமி ஒண்ணு குடுத்துச்சே, இன்னொண்ணு குடுக்காதா?"

கையை எடுத்துட்டேன். அப்போ நான் செஞ்ச ஜெபம் அதுதான்.

ட்யூபை உருவினாங்க. நுனியை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. கனகா சிஸ்டரே கையில நரம்பு தேடினாங்க. மொதல் குத்துல கெடைக்கல, ரெண்டாவதுல கெடைச்சுது. அந்தக் கிருமி ட்யூப்லயும் இருந்துச்சு, ரத்தத்துலயும் இருந்துச்சுன்னு முடிவு வந்துச்சு. மருந்தை மாத்தினாங்க. அந்த நடுக்கம் அப்புறம் வரவே இல்ல. காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. ஒரு நாள் ரூபி தானா எழுந்து உக்காந்து, பக்கத்து பெட்டுல பன்னு இருக்கான்னு கேட்டா. நானே போய்க் கேட்டு வாங்கினேன்.

என் சந்தேக புத்தியைக் கர்த்தர் எடுத்துட்டாருன்னு சொன்னா பொய். யார் வேலைன்னு காட்டச் சொன்னேன், அவர் எதுன்னு காட்டினாரு. நான் மென்னு முழுங்கிக்கினு இருந்ததை வாய்க்கு வரவச்சாரு, அவ்வளவுதான். இப்போ மனசுல உறுத்தினா அவர் கிட்டயும் சொல்றேன், எதிர்ல நிக்கிறவங்க கிட்டயும் நேராக் கேக்குறேன். கனகா சிஸ்டருக்காக தெனமும் ஜெபிக்கிறேன்.

பயந்துகினு உக்காந்திருக்கிற தாய்மாரே, உங்க பயத்தை அப்படியே அவர் கிட்டக் கொண்டு போங்க. குடுத்ததைத் திருப்பிக் கேட்டாருன்னா பிடிச்சு வச்சுக்காதீங்க. ரூபி இப்போ என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. கணுக்கால்ல தழும்பு இருக்கு. ஆராதனை முடிஞ்சதும் வந்து பாருங்க, காட்டுவா.