வாஷ்பேசினுக்கு வாங்கிய ட்யூப்

சிதம்பரம் வண்டிகேட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஷெட் போட்டிருந்த என் மாமாவுக்குத் தெரியாத வண்டியே கிடையாது என்பது எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாக நம்பப்பட்ட விஷயம். நம்பியவள் அம்மா. கூடப்பிறந்த தம்பி, நம்பாமல் இருக்க முடியுமா? அப்பா வெகுநாள் நம்பவில்லை. டிப்ளமாவில் பாதிப் பாடம் தேறாமல் ஊர் சுற்றிய காலத்தில் மாமாவுக்கு அப்பா வைத்த பெயர் தண்டச்சோறு. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அப்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு மாமா ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் கோளாறைச் செல்போனில் காட்டுகிற சாதனம். அந்த வட்டாரத்தில் முதலில் வாங்கியது அவர்தானாம். அதன் பிறகுதான் அப்பா வாயில் ‘மச்சான்’ என்ற சொல் வர ஆரம்பித்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. அது போதாதென்று பழைய பெட்ரோல் வேன் ஒன்றையும் வாங்கி, சிதம்பரத்தில் வேலைபார்த்த பேங்க்காரர்கள் ஆறேழு பேரைக் காலையில் கொண்டுபோய்ச் சாயங்காலம் கூட்டிவர விட்டிருந்தார். ஓட்டியவர் கடலோரக் குப்பத்துக்காரர். நான் அவரை டிரைவர் அண்ணன் என்பேன். அவருடைய சொந்த அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையாவது தரையில் பிழைக்கட்டும் என்று அவருடைய அம்மா கையைப் பிடித்து அழுததால் வலையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். எங்கள் வேன் ஓடுகிறவரை அவர் கடலுக்குப் போக வேண்டியதில்லை. இதை அவரே என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம், பொங்கலுக்கு மாமா வந்திருந்தபோது வேனின் என்ஜின் மேல்மூடி ஓரத்தில் ஆயில் கசிந்தது. கடையெல்லாம் பூட்டு. மூடியைக் கழற்றிவிட்ட மாமா, ஓரத்தில் தடவுகிற பேஸ்ட் கைவசம் இல்லாமல் தலையைச் சொறிந்தார். எங்கள் வீட்டில் அப்போதுதான் வாஷ்பேசின் வைத்து, அதன் ஓரத்தை அடைக்க வாங்கிய வெள்ளை சிலிக்கான் ட்யூபில் பாதி மிஞ்சியிருந்தது. அம்மாதான் ஞாபகப்படுத்தினாள். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். பிதுக்கியபோது புளித்த காடி வாடை அடித்தது.

"அண்ணே, இது பாத்ரூமுக்குப் போடுறதாச்சே" என்றார் டிரைவர் அண்ணன்.

"இதுவும் பேஸ்ட்டு, அதுவும் பேஸ்ட்டு. நீ ஓட்டுற வேலையப் பாரு" என்றார் மாமா.

கசிவு நின்றுவிட்டது. மாமாவின் மூளையைப் பற்றி அம்மா இரண்டு நாளைக்குப் பேசினாள்.

பங்குனி பிறந்தபோது வேன் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. நேற்றுவரை போய்வந்த தூரத்துக்கு இப்போது போட்ட பெட்ரோல் போதவில்லை. டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது. அதை அப்பாவிடம் முதலில் காட்டியதே டிரைவர் அண்ணன்தான். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வண்டிமேல் பழியைப் போடப் பார்க்கிறான் என்றார். விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று ஒரு பேங்க்காரர் சொல்லவே, வீட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அப்பா அதன்மேல் ஒட்டிவிட்டார். பிரச்சினைகளை எங்கள் வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் தீர்ப்போம்.

ஜெராக்ஸ் கடையில் பொழுது போக்க வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசியில் அப்பா, வண்டியை மச்சானிடம் காட்டிவிட்டு வா என்று ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் அண்ணனை அனுப்பினார். பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூடப் போகச் சொன்னார். ஏறுவதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டு, "வழியில எங்கயாவது நிறுத்துறானா பாத்துக்க. அவன்கிட்ட சொல்லாத" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரை என்னை நம்பி அப்பா கடைச் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை.

பேங்க்காரர்களை இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனோம். மாமா ஸ்கேனரைச் செருகினார். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று ஓடவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"புகை போற கொழாயில ஒரு சென்சார் இருக்கு. மூக்கு மாதிரின்னு வச்சிக்கயேன்" என்றார் மாமா. "புகைய மோந்து பாத்து, பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதக் கேட்டுத்தான் அது பெட்ரோல் ஊத்தும். நல்ல மூக்கா இருந்தா இந்தக் கோடு துள்ளிக்கிட்டே இருக்கணும். இது பாரு, தூங்கி வழியுது."

உடனே சென்சார்மேல் குற்றம் சொல்லிவிடக்கூடாதாம். குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் கோடு தப்பாகத்தான் வருமாம். டிரைவர் அண்ணனைச் சைலன்சர் வாயை ஈரச் சாக்கால் அடைத்துப் பிடிக்கச் சொல்லி, மாமா குழாய் நெடுகக் காது வைத்துக் கேட்டார். எங்கும் சீறவில்லை. ஒயரைப் பார்த்தார். அதுவும் சரி. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தினார். என்ஜின் உறுமி அடங்கிய பிறகுதான் கோடு சாவகாசமாக மேலே ஏறியது. டிரைவர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இதான் பெட்ரோலக் குடிக்குதா அண்ணே?" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி. "இருப்பா, இன்னும் முடியல" என்ற மாமா, வாஷர் ஒன்று வாங்கிவர அவரை ஸ்பேர் கடைக்கு அனுப்பினார்.

அவர் போனதும், ரிப்பேருக்கு நின்றிருந்த அதே மாதிரி வேன் ஒன்றிலிருந்து சென்சாரைக் கழற்றி எங்கள் வேனில் மாட்டினார். கோடு துள்ளிய துள்ளலில் நான் கைதட்டினேன். மாமா கைதட்டவில்லை. எங்கள் வேனில் இருந்த பழைய சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முனையில் கோலமாவைத் தூவினதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பிறகு என்ஜின் மூடியைப் பார்த்தார். அதன் ஓரமெல்லாம் எங்கள் வாஷ்பேசின் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. அதன் ஆவி என்ஜினுக்குள் போய் எரிந்து, சென்சாரின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டது என்பதை மாமா அந்த நிமிடமே புரிந்துகொண்டுவிட்டார். எனக்கு அது விளங்கியது போன மாதம்தான். என் ஸ்கூட்டரில் அதே மஞ்சள் விளக்கு எரிய, மெக்கானிக் எடுத்தவுடன் கேட்ட கேள்வி, "மேடம், எங்கயாச்சும் கண்ட சிலிக்கான் போட்டாங்களா?" என்பதுதான்.

"அந்த ட்யூபு உங்க வீட்ல இன்னும் இருக்கா?" என்று மாமா கேட்டார்.

"இருக்கு மாமா."

"கெட்டுப்போன சாமான். வீட்டுக்குப் போனதும் தூக்கிப் போட்டுடு. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

பழைய சென்சாரைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, போனோடு ஷெட்டுக்குப் பின்னால் போனார். "அக்கா" என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது. திரும்பி வந்து எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். வாஷரோடு வந்த டிரைவர் அண்ணனிடம், எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிவிட்டதாகச் சொன்னார்.

சாயங்காலம் மாமாவும் எங்களோடு வேனில் கடலூருக்கு வந்தார். அம்மா விளக்கேற்றி முடித்திருந்தாள். அப்பா டிரைவர் அண்ணனை உள்ளே வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் என்னைத்தான் முதலில் விசாரித்தார்.

"வழியில வண்டிய நிறுத்துனானா?"

"ஆலப்பாக்கத்துல நிறுத்துனாரு."

"எவ்ளோ நேரம்?"

"ரொம்ப நேரம்" என்றேன். காலையில் போகும்போது எனக்கு நுங்கு வாங்கிக் கொடுக்கத்தான் நிறுத்தினார், பேங்க்காரர்களும் இறங்கித் தின்றார்கள். பத்து நுங்கு தின்றேன், அதனால் ரொம்ப நேரம். நுங்கைப் பற்றி அப்பா கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் சரியாகப் பதில் சொன்ன பெருமையில் நானும் சொல்லவில்லை.

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "வண்டியில என்ன கோளாறு மச்சான்?"

மாமா போனைத் தடவிக்கொண்டே, "வண்டி சுத்தமா இருக்கு மச்சான். ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டேன்" என்றார்.

டிரைவர் அண்ணன் மாமாவையே பார்த்தார். "என்னண்ணே, அந்தக் கோடு தூங்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா" என்றார் மாமா.

"அப்ப சூடம் கொண்டாங்க" என்றார் டிரைவர் அண்ணன். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்கிறவன் குடும்பம் விளங்காது. அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்பா கொண்டுவரச் சொன்னார். பூஜை அறையிலிருந்து தட்டில் சூடத்தை ஏற்றி எடுத்துவந்தவள் நான்தான்.

"எங்கண்ணன கடல்ல குடுத்த குடும்பம் நாங்க. ஒரு சொட்டு பெட்ரோல் நான் எடுக்கல" என்று சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. கையை உதறக்கூட இல்லை. "அண்ணே, வண்டியப் பாத்தது நீங்க. நீங்களும் ஒரு தடவ அடிச்சிச் சொல்லிடுங்க" என்றார்.

மாமாவுக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. மணி அடித்து நான் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான், "மாமா, அந்த மூக்கு..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் சதை பிய்ந்துவரும்படி கிள்ளினாள். "பெரியவங்க பேசுறப்ப என்னடி குறுக்க?" என்றாள்.

"திருடனுங்கதான் மொதல்ல சூடம் கேப்பானுங்க. சாவிய வச்சிட்டுப் போ" என்றார் அப்பா.

திங்கட்கிழமையிலிருந்து அப்பாவே வேனை ஓட்டினார். பெட்ரோல் பழையபடி போதுமானதாக இருந்தது. பிறகென்ன, கையும் களவுமாகப் பிடித்ததுபோல் ஊரெல்லாம் சொன்னார். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொன்னார். பெட்ரோல் திருடியவன் என்று பெயர் வாங்கியவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? நான் ஒன்பதாவது படிக்கும்போது துறைமுகத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். விசைப்படகிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தார். முகம் கறுத்து உப்புப் பூத்திருந்தது. "நல்லா படிக்கிறியா பாப்பா?" என்றார். தலையாட்டிவிட்டு ஓடிவந்தேன். அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட நான் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அன்று மட்டும் எனக்கு ஆத்திரமெல்லாம் ஒன்றுமில்லை. டிரைவர் அண்ணன் போனபிறகு எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். அப்பா மாமாவுக்குத் தன் கையாலேயே சட்னி ஊற்றினார். அம்மா வெகுநாளைக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் மாமா சொன்ன வேலை ஞாபகம் வந்து, ட்யூபைத் தேடிக் குளியலறைக்குப் போனேன். அலமாரியில் இல்லை. கொல்லைப்பக்கக் குப்பைக் கூடையில் காடி வாடை அடித்தது. மேலே கிடந்த வாழைக்காய்த் தோலை விலக்கினேன். பழைய பேப்பரில் சுற்றி, நூல்போட்டு இறுக்கிக் கட்டி, அடியில் கிடந்தது ட்யூப். மத்தியானச் சமையலுக்கு அம்மா சீவிய தோல் அது. சுற்றியிருந்த முடிச்சும் அவளுடையதுதான். பூ கட்டுகிறபோது போடுகிற முடிச்சு.

எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷமாக இருந்தது. தோலைத் திரும்ப மேலே போட்டு மூடிவிட்டு, அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காகத்தான் அவள் கிள்ளினாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.